கேக் சாய்ந்துவிட்டது, முழுப் பணமும் வேண்டும் என்கிறார்

கேள்வி: இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். போன வாரம் ஒருவர் மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு அடுக்கு பட்டர்கிரீம் கேக் ஆர்டர் கொடுத்தார். ஒரு படத்தை அனுப்பி, "இதே லாவெண்டர் நிறம் வேண்டும்" என்றார். மற்ற விவரமெல்லாம் வாய்ஸ் நோட்டில்தான். கீழடுக்கில் நான்கு தாங்கு குச்சிகள், நடுவில் அட்டை எல்லாம் வைத்துத்தான் செய்தேன். மதியம் அவரே காரில் வந்து வாங்கிப் போனார். "சீக்கிரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். ராத்திரி எட்டு மணிக்குப் படங்கள் வந்தன. மேலடுக்கு சாய்ந்துவிட்டது, நிறம் சாம்பல் மாதிரி இருக்கிறது, குழந்தையின் பெயரில் ஓர் எழுத்து தப்பு, முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்கிறார். ஆனால் கேக்கை முழுவதும் சாப்பிட்டுவிட்டார்கள். கோபத்தில் நானும் நடுராத்திரி வரை பதில் போட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாள் ஃபேஸ்புக்கில் என் தொழில் பெயரைப் போட்டு எழுதிவிட்டார். பணத்தைக் கொடுத்துத் தொலை என்கிறார் கணவர். கொடுக்கவே கொடுக்காதே, பழகிவிடும் என்கிறாள் தோழி. மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு அலங்காரத்துக்காக வாங்கியது. இப்போது புது ஆர்டர் எடுக்கவே பயமாக இருக்கிறது. வருகிற சனிக்கிழமைக்கு ஒருவர் கேட்கிறார், இன்னும் பதில் சொல்லவில்லை. "பணம் திரும்பத் தரப்படாது" என்று என் பக்கத்தின் முகப்பில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதா? நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களையும் பார்த்தேன். கேட்டதற்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். முழுப் பணமும் கொடுக்க வேண்டாம். ஒன்றுமே கொடுக்காமலும் இருக்க வேண்டாம். அலங்காரத்துக்காக வாங்கிய மூன்றில் ஒரு பங்கை அப்படியே திருப்பிக் கொடுங்கள். நாளையே கொடுங்கள்.

உங்கள் கணவரும் தோழியும் நேரெதிராகப் பேசினாலும் இருவரும் செய்கிற பிழை ஒன்றுதான். அந்தப் புகாரை ஒரே மூட்டையாகப் பார்க்கிறார்கள். அந்த அம்மாவும் அப்படித்தான் பார்க்கிறார். மகளின் பிறந்தநாள் மேடையில் கேக் சாய்ந்து நிற்கும்போது எந்தத் தாயும் அப்படித்தான் பார்ப்பார். ஆனால் தொழில் செய்கிற நீங்கள் மூட்டையை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே மூன்று தனித்தனிப் புகார்கள் இருக்கின்றன: பெயர், நிறம், சாய்வு. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பொறுப்பு வேறு.

பெயரில் வந்த பிழை முழுக்க உங்களுடையது. அவர் வாய்ஸ் நோட்டில் சொன்னார், நீங்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டீர்கள். ஒரே ஓசையுள்ள பெயரை நாலு வீட்டில் நாலு விதமாக எழுதுவார்கள். எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டியது கிரீமைப் பிழிகிறவரின் வேலை. பெரியவர்களுக்கு ஓர் எழுத்துதானே என்று தோன்றும். அந்தக் குழந்தைக்கு அது தன் பெயர். இதில் விவாதமே வேண்டாம்.

நிறத்தில் பெரும் பங்கு உங்களுடையது. பட்டருக்கு இயல்பிலேயே ஒரு மஞ்சள் சாயல் உண்டு. அதில் நீலம் கலந்தால் பச்சை பக்கம் சாயும். லாவெண்டர் கலந்தால், மஞ்சளும் ஊதாவும் ஒன்றையொன்று அடித்துவிட்டு மங்கலான சாம்பல் நிறம் வரும். போதாததற்கு ஊதா நிறத்தில் இருக்கிற இளஞ்சிவப்புப் பகுதி வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும், நீலம் மட்டும் மிஞ்சும். உங்கள் சமையலறையில் லாவெண்டராக இருந்தது ஜன்னலோரமோ விளக்கடியிலோ சில மணி நேரம் இருந்தபின் வேறு நிறமாகியிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் இது வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இல்லை. படத்தில் இருந்த கேக் ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவால் மூடியது என்பது பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. வெள்ளை ஃபாண்டன்டில் வருகிற நிறம் பட்டர்கிரீமில் அப்படியே வராது. அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தப் புகாரில் பாதி பிறந்திருக்காது.

சாய்வுதான் சிக்கல். உங்கள் வேலையில் குறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. குச்சி, அட்டை இரண்டும் வைத்திருக்கிறீர்கள், உங்கள் மேசையில் எடுத்த படத்தில் கேக் நேராக நிற்கிறது. பட்டர் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் முழுதாக உருகிவிடும். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் அரை மணி நேரத்திலேயே வெளியில் உள்ளதை விட 15 டிகிரிக்கு மேல் ஏறிவிடலாம். அதோடு கார் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும், மடியும் சமதளம் இல்லை. அவர் இருக்கையில் வைத்துக் கொண்டுபோனாரா, வழியில் எங்காவது நிறுத்தினாரா, விருந்து நடந்த இடத்தில் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, இதெல்லாம் உங்கள் கையில் இல்லை. ஆனாலும் நீங்கள் சொன்னது "சீக்கிரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்" என்ற ஒரு வரி மட்டும்தான். சீக்கிரம் என்றால் உங்களுக்கு அரை மணி. அலங்கார வேலை, விருந்தினர், குழந்தையின் உடை என்று ஓடிக்கொண்டிருந்த அவருக்கு அது "முடிந்தபோது". அதனால் சாய்வுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதே சமயம் "உங்கள் தப்பு" என்று அவர் தலையில் கட்டவும் வேண்டாம்.

பெயரும் நிறமும் அலங்காரக் கணக்கில் வருகின்றன. அந்தப் பங்கு முழுவதும் திரும்பப் போகட்டும். கேக்கின் விலை உங்களிடம் இருக்கட்டும்.

"சாப்பிட்டுவிட்டார்களே" என்பதை உங்கள் பக்கத்து நியாயமாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் கேக் செய்கிற ஏறக்குறைய எல்லோரும் இதைச் சொல்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் சொன்னேன். சாப்பிட்டது ருசிக்குத்தான் சாட்சி. ருசியைப் பற்றி அவர் புகாரே சொல்லவில்லை. வந்த விருந்தினர்களை வெறும் தட்டோடு அனுப்ப முடியாது, மெழுகுவத்தி ஏற்றியாயிற்று, வெட்டித்தான் ஆக வேண்டும். எனவே முழுப் பணத்தையும் மறுப்பதற்கு இது காரணமாகும். தோற்றத்தில் வந்த குறையை மறுப்பதற்குக் காரணமாகாது. அவரிடம் இந்த வாக்கியத்தை இனி எழுதவே எழுதாதீர்கள். கேட்பவருக்கு அது "தின்றுவிட்டுப் பேசுகிறாயா" என்றுதான் காதில் விழும்.

என் ஆரம்ப நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் சாக்லேட் கேக் கேட்டார், "டார்க்காக இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். நான் 70 சதவீத கோகோ உள்ள சாக்லேட்டையும் கிரீமையும் கலந்து கனாஷ் என்கிற பூச்சு செய்து பூசினேன். என் கணக்கில் அது அருமையான வேலை. குழந்தைகள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை வைத்துவிட்டார்களாம், கசப்பு. அவர் கோபத்தோடு எழுதியபோது, அவருடைய சொல்லையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "நீங்கள் கேட்டதுதானே?" இரண்டு நாள் இப்படி வாதாடி நான் ஜெயித்தேன். பல மாதம் கழித்துத்தான் புரிந்தது, அவர் சொன்ன டார்க் நிறத்தைப் பற்றியது. மேலே கருப்பாகத் தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறார், கசப்பைக் கேட்கவில்லை. ஒரே சொல்லை இருவரும் இரண்டாகப் புரிந்துகொண்டோம். "எப்படிப்பட்ட டார்க்?" என்று ஆர்டர் எடுத்த அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் குடும்பம் என்னிடம் திரும்பி வரவே இல்லை. ஜெயித்ததை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம். எட்டு மணியிலிருந்து நடுராத்திரி வரை நீங்கள் அனுப்பிய செய்திகள் ஒவ்வொன்றிலும் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆனால் விருந்து முடியாத வீட்டில் இருப்பவருக்கு நியாயம் கேட்க நேரமில்லை. புகார் வந்தவுடன் முடிவு சொல்ல வேண்டியதில்லை, பார்த்தேன் என்று சொன்னால் போதும். நான் அனுப்புவது இவ்வளவுதான்: "படங்களைப் பார்த்தேன். மகளின் விசேஷத்தில் இப்படி ஆனதற்கு மனம் வருந்துகிறேன். என் பக்கம் என்ன நடந்தது என்று சரிபார்த்துவிட்டு நாளை காலை பத்து மணிக்குள் உங்களுக்கு எழுதுகிறேன்." பிறகு போனை வைத்துவிடுங்கள். ராத்திரி அவர் பத்து செய்தி அனுப்பினாலும் காலைக்கு முன் பதில் வேண்டாம். சொன்ன நேரத்துக்குக் கட்டாயம் எழுதிவிட வேண்டும். வாய்ஸ் நோட்டில் பதில் அனுப்பவே கூடாது. கோபம் குரலில் தெரிந்துவிடும், அது அப்படியே நாலு பேருக்குப் போய்விடும்.

வாடிக்கையாளர் புகார்களை ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறார்கள். என்ன கிடைத்தது என்பதை மட்டும் வைத்து மக்கள் நியாயத்தை அளப்பதில்லை. முடிவு வந்த விதத்தையும் தன்னிடம் பேசிய விதத்தையும் சேர்த்தே அளக்கிறார்கள். பாதித் தொகை கிடைத்து மனம் ஆறிப் போனவர்களையும், முழுத் தொகை வாங்கியும் கோபம் தீராதவர்களையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பணத்தைத் திருப்பும்போது இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். "அடுத்த கேக்கில் தள்ளுபடி தருகிறேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் கேக்கால் மனம் நொந்தவரிடம் இன்னொரு கேக் வாங்கச் சொல்வது அது. அடுத்தது, "பதிவை நீக்கினால் பணம்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். வாய் மூட விலை பேசியது போலாகிவிடும், அதன் ஸ்கிரீன்ஷாட் முதல் பதிவைவிட வேகமாகப் பரவும். அவர் எந்த வழியில் பணம் கட்டினாரோ அதே வழியில், நிபந்தனை இல்லாமல் அனுப்புங்கள்.

ஃபேஸ்புக் பதிவுக்குக் கீழே இரண்டே வரி எழுதுங்கள். பெயர் எழுதியதில் என் பிழை இருந்தது, நிறமும் கேட்டபடி வரவில்லை, அலங்காரத் தொகையைத் திருப்பிவிட்டேன் என்று மட்டும். சாய்வைப் பற்றி அங்கே பேச வேண்டாம். அவருடைய செய்திகளை, போன் எண்ணை, குழந்தையின் படத்தை வெளியில் போடவே கூடாது. தெரிந்தவர்களைக் கூட்டிவந்து உங்களுக்காகப் பேச வைப்பதும் வேண்டாம், எரிகிற தீயில் எண்ணெய்தான் அது. அந்தப் பதிவைப் படிக்கிற மற்றவர்கள் கேக்கை விட உங்கள் பதிலைத்தான் பார்ப்பார்கள்.

"பணம் திரும்பத் தரப்படாது" என்று முகப்பில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். பல நாடுகளின் நுகர்வோர் சட்டத்தில், ஒருவருக்கென்றே செய்த பொருளை மனம் மாறிவிட்டது என்று திருப்ப முடியாது. ஆனால் குறையோடு கொடுத்தால் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. ரத்து செய்கிறவர்களுக்காக வேண்டுமானால் எழுதி வையுங்கள்: இத்தனை நாளுக்கு முன் சொன்னால் அட்வான்ஸ் திரும்பும், கேக்குக்கான பொருள்களை நான் வாங்கியபின் திரும்பாது என்று. அது நியாயம், யாரும் சண்டை போட மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என்றாவது ஒரு நாள் "உன் கேக்கைச் சாப்பிட்டு உடம்பு சரியில்லை" என்று செய்தி வரும். இதுவரை சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. அங்கே பணம், பங்கு, யார் பொறுப்பு என்ற பேச்சே வரக் கூடாது. உடனே போன் செய்யுங்கள். யாருக்கு, எப்போது சாப்பிட்டார்கள், எப்போது ஆரம்பித்தது, என்ன செய்கிறது என்று கேளுங்கள், டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். மூச்சு வாங்குகிறது, உதடு வீங்குகிறது என்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம், ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் அவசர மருத்துவ உதவிக்குப் போகச் சொல்லுங்கள். கேக்கில் என்னென்ன சேர்த்தீர்கள் என்ற பட்டியலை அப்படியே அனுப்புங்கள், டாக்டருக்கு அது தேவைப்படும். மீதி கேக்கைத் தூக்கிப் போடாமல் மூடி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். அதே மாவில், அதே கிரீமில் செய்தது வேறு யாருக்காவது போயிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்.

நேரத்தைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வெளியில் வைத்த கிரீமில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சு உண்டாகியிருந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே வாந்தி தொடங்கிவிடும். சரியாக வேகாத முட்டையிலிருந்து வருகிற சால்மோனெல்லா கிருமி அநேகமாக ஆறு மணி நேரத்துக்கு முன் வெளிப்படாது, சில நாட்கள் கூட ஆகலாம். சாப்பிட்ட நேரமும் ஆரம்பித்த நேரமும் தெரிந்தால் டாக்டருக்கு அது பெரிய துப்பு. எதனால் வந்தது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

ஆர்டர் எடுக்கும்போதே ஒவ்வாமை பற்றிக் கேட்பதை வழக்கமாக்குங்கள். பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, மற்ற கொட்டை வகைகள் ஆகியவற்றை லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதிகளிலேயே இருக்கிறது. உங்கள் அடுப்படியில் பாதாம் அரைக்கிறீர்கள் என்றால் "கொட்டை இல்லாத கேக்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். "இதில் சேர்க்கவில்லை, ஆனால் இதே சமையலறையில் பயன்படுத்துகிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் போகட்டும்.

சரி, இனி வரப்போகும் கேக்குகளுக்கு வருவோம். என்னிடம் வந்த சச்சரவுகளில் பெரும்பாலானவை டெலிவரி நாளில் வெடித்தாலும் பிறந்தது ஆர்டர் எடுத்த நாளில்தான். அதனால் எப்படிக் கேட்டாலும், முடிவில் எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதி அனுப்பி, அவரிடம் "சரி" என்று எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் வாங்காதீர்கள். மேலே எழுத வேண்டிய பெயர், நாள், நேரம், முட்டை உண்டா இல்லையா, எடை. எடையில் அட்டையும் அலங்காரமும் சேர்ந்ததா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாவாக நிறுத்தது வெந்தபின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நீராவியாகப் போய்விடும், அந்தக் குறைவுக்கும் சண்டை வருவதைப் பார்த்திருக்கிறேன். படம் அனுப்பினால், "இதே மாதிரி" என்ற சொல்லை ஏற்காமல், இதில் எது அப்படியே வரும், எது மாறும் என்று ஒரு வரி எழுதுங்கள். அடர் சிவப்பு, கருப்பு இரண்டும் சில மணி நேரத்தில் இன்னும் அடர்த்தியாகும், ஊதா வெளுக்கும், இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னால் அது தகவல். பின்னால் சொன்னால் சாக்கு.

கேக்கைக் கையில் கொடுக்கும்போது பெட்டியைத் திறந்து காட்டுங்கள், பெயரை அவரையே படிக்கச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் மேலிருந்தும் படம் எடுத்து, அவர் கண் முன்னாலேயே அவருக்கு அனுப்பிவிடுங்கள். பெட்டியின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: காரில் இருக்கைக்கு முன்னால் தரையில் வைக்கவும், ஏசி போடவும், இத்தனை மணிக்குள் ஃப்ரிட்ஜில் வைக்கவும். ஃப்ரெஷ் கிரீம், கஸ்டர்ட் என்றால் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும், இது உலக சுகாதார நிறுவனமே சொல்கிற அளவு. பட்டர் போட்ட கேக் என்றால் வெட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் வெளியே எடுத்து வைக்கச் சொல்லி எழுதுங்கள். குளிரில் பட்டர் இறுகிவிடும், "கேக் காய்ந்து கட்டியாக இருந்தது" என்ற புகார் பலமுறை குளிர்ந்த கேக்கை அப்படியே வெட்டியதால் வருவது.

புகார் இருந்தால் அன்றே, படத்தோடு சொல்ல வேண்டும் என்பதையும் அந்தச் சீட்டில் எழுதுங்கள். பணத்துக்காகவே புகார் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், குறைவுதான். படம் கேட்டால் நழுவுவார்கள், நாலு நாள் கழித்து வருவார்கள். அவர்களுக்கு மரியாதையாக ஒரே பதில், அடுத்த முறை ஆர்டர் எடுக்காமல் விடுவது, அவ்வளவுதான். உங்கள் வாடிக்கையாளர் அந்த ரகமில்லை. அன்றே எழுதினார், படம் அனுப்பினார், சொன்ன மூன்றும் நடந்ததுதான்.

நாளைக் காலை அவருக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம். அன்று ராத்திரி நான் வாதாடியிருக்கக் கூடாது, அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். பாப்பாவின் பெயரைத் தவறாக எழுதியது என் பிழை. பட்டர்கிரீமில் லாவெண்டர் நிறம் மாறும் என்று முன்பே உங்களிடம் சொல்லாததும் என் பிழை. அலங்காரத்துக்காக வாங்கிய தொகை முழுவதையும் இப்போது அனுப்பியிருக்கிறேன். கேக் இங்கிருந்து போகும்போது நேராக இருந்தது, படம் இணைத்திருக்கிறேன். வழியில் வெப்பத்தில் இளகியிருக்கலாம். அதை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று நான் இன்னும் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும், இனி எல்லோருக்கும் எழுதியே கொடுக்கப் போகிறேன். பாப்பாவுக்கு என் வாழ்த்துகள்."

அவர் இன்னும் கோபமாகப் பதில் எழுதினால் "உங்கள் வருத்தம் புரிகிறது, என்னால் செய்ய முடிந்தது இது" என்று ஒருமுறை சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். பதிலே வராமலும் போகலாம், அதுவும் பரவாயில்லை.

அந்தச் செய்தி போனதும் சனிக்கிழமை கேட்டவருக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள். பெயரை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். நிறம் ஏதாவது கேட்டிருந்தால், இன்றைக்கே ஒரு கரண்டி கிரீமில் கலந்து ஒரு தட்டில் பூசி ஜன்னலோரம் வையுங்கள். நாளை சாயங்காலம் அது எப்படி இருக்கிறதோ அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு அட்வான்ஸ் வாங்குங்கள்.